லேசர் காகிதத்தைத் தொடுவதே இல்லை: லேசர் பிரிண்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிண்டர்களைக் கழற்றி மாட்டுவதுதான் என் வேலை. மூடியைத் திறந்ததும் பக்கத்தில் நிற்பவர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அவற்றுக்கு நான் சொல்கிற பதில்களைக் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன். வோல்ட் கணக்குகள் மாடலுக்கு மாடல் மாறும். இங்கே இருப்பவை புரிதலுக்கான தோராய அளவுகள்.

லேசர் காகிதத்தைச் சுட்டுத்தான் எழுதுகிறதா?

இல்லை. லேசர் கதிர் காகிதத்தின் மேல் படுவதே கிடையாது. தாள் சூடாக வெளியே வருவதால் இப்படித் தோன்றுகிறது. அந்தச் சூடு வேறோர் இடத்திலிருந்து வருவது. உள்ளே இருப்பது ஒரு சின்ன லேசர் டயோடு. பல பிரிண்டர்களில் அதன் அலைநீளம் 780 நானோமீட்டர் அளவில், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அகச்சிவப்புப் பக்கம் இருக்கும். தாளைக் கருக்கும் சக்தி அதற்குக் கிடையாது.

அப்படியானால் லேசருக்கு என்ன வேலை?

அழிக்கிற வேலை. கார்ட்ரிட்ஜுக்குள் பச்சையாகவோ நீலமாகவோ பளபளக்கும் ஓர் உருளை இருக்கிறதே, அதுதான் டிரம். பிசிஆர் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் ரோலர் ஒன்று டிரம்மோடு ஒட்டி உருண்டு, அதன் மேற்பரப்பு முழுவதும் ஒரே சீராக எதிர் மின்னூட்டத்தைப் பரப்புகிறது. சுமார் மைனஸ் 600 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். எழுத்து எங்கே வர வேண்டுமோ அங்கே மட்டும் லேசர் படுகிறது. பட்ட புள்ளியில் மின்னூட்டம் வடிந்து மைனஸ் 100 வோல்ட்டுக்கு வந்துவிடும்.

இப்போது டிரம் மேல் உங்கள் பக்கம் எழுதப்பட்டாயிற்று. ஆனால் கண்ணால் பார்க்க முடியாது. மையும் இல்லை, தூளும் இல்லை, வெறும் வோல்ட் வித்தியாசம்தான். மீதி நடப்பதெல்லாம் இந்த மறைந்திருக்கும் படத்தைக் கண்ணுக்குத் தெரிய வைத்துத் தாளுக்குக் கொண்டுபோகிற வேலை.

மின்னூட்டம் போன இடத்தில் டோனர் ஏன் ஒட்டுகிறது? மின்னூட்டம் இருக்கும் இடத்தில்தானே ஒட்ட வேண்டும்?

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. தாளில் எழுத்தாகப் பதிகிற தூளான டோனரும் எதிர் மின்னூட்டம் கொண்டது என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

டோனரை ஏந்தி வருவது டெவலப்பர் ரோலர். மேக்னடிக் ரோலர் என்றும் சொல்வார்கள். அதற்குக் கொடுக்கப்படும் மின்னழுத்தம் சுமார் மைனஸ் 350 வோல்ட். மூன்று எண்களையும் வரிசையாகப் பாருங்கள்: டிரம்மில் லேசர் படாத இடம் மைனஸ் 600, டெவலப்பர் ரோலர் மைனஸ் 350, லேசர் பட்ட இடம் மைனஸ் 100. மைனஸ் 600 ஒரு மேடு, மைனஸ் 100 ஒரு பள்ளம், டோனர் இரண்டுக்கும் நடு உயரத்தில் நிற்கும் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேட்டில் ஏறாது, பள்ளத்தில்தான் பாயும். எதிர் மின்னூட்டம் கொண்ட தூள், தன்னைவிட அதிக எதிர்மின்னழுத்தம் உள்ள மைனஸ் 600 பரப்பால் விலக்கப்படுகிறது. மைனஸ் 100 பரப்பை நோக்கித் தாவுகிறது. லேசர் செய்வது பள்ளம் தோண்டுவதுதான்.

எழுத்து மெல்லியதாகவோ அடர்த்தியாகவோ வர, இந்த நடு எண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலே போதும். செட்டிங்கில் ‘டென்சிட்டி’ என்று இருப்பதை மாற்றும்போது பல பிரிண்டர்களில் நடப்பது இதுதான்.

வெளிச்சம் பட்டதும் மின்னூட்டம் எப்படி வடிகிறது?

டிரம் என்பது ஒரு அலுமினியக் குழாய். அதன் மேல் மெல்லிய பூச்சுகள் உண்டு. ஓபிசி டிரம் என்ற பெயரில் ‘ஓபிசி’ குறிப்பது ஒளிபட்டால் மின்சாரத்தைக் கடத்துகிற அந்தக் கரிமப் பூச்சைத்தான். இருட்டில் அது மின்கடத்தாப் பொருள். மேலே வைத்த மின்னூட்டம் அப்படியே நிற்கும்.

பூச்சில் முக்கியமான அடுக்குகள் இரண்டு. அடியில் இருக்கும் மிக மெல்லிய அடுக்கில் ஒளியை உறிஞ்சும் நிறமி இருக்கிறது. லேசர் அங்கே போய்ச் சேர்ந்ததும் எலக்ட்ரானும், எலக்ட்ரான் விட்டுச் சென்ற வெற்றிடமான ‘துளை’யும் தனித்தனியாகப் பிரிகின்றன. எலக்ட்ரான் அலுமினியத்துக்குள் இறங்கித் தரையிணைப்புக்குப் போய்விடும். நேர் மின்னூட்டம் கொண்ட துளை, மேல் அடுக்கு வழியாக ஏறி மேற்பரப்பில் இருக்கும் எதிர் மின்னூட்டத்தைச் சரிக்கட்டிவிடும். பல பிரிண்டர்களில் டிரம்மை எதிர் மின்னூட்டத்தால் நிரப்பும் வழக்கம் வந்ததும் இதனால்தான்: மேல் அடுக்கு துளைகளை மட்டுமே நன்றாகக் கடத்தும்.

ஒரே ஒரு கதிர் ஒரு முழுப் பக்கத்தை எப்படி வரைகிறது?

லேசர் நகர்வதில்லை, கண்ணாடி சுழல்கிறது. நான்கு அல்லது ஆறு முகங்கள் கொண்ட சின்னக் கண்ணாடி மேல் கதிர் விழுகிறது. ஒரு முகம் கடந்து போவதற்குள் கதிர் டிரம்மின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரு கோடு போட்டுவிடும். அந்தக் கோட்டில் எங்கே புள்ளி வேண்டுமோ அங்கே டயோடு எரியும், மற்ற இடத்தில் அணையும். டிரம் ஒரு துளி உருளும், அடுத்த முகம் அடுத்த கோட்டைப் போடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 600 டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு 600 கோடு. ஏ4 தாளின் உயரத்துக்கு ஏறத்தாழ 7,000 கோடுகள். நிமிடத்துக்கு 20 பக்கம் அடிக்கும் பிரிண்டரில் ஒரு பக்கத்துக்கு 3 நொடிதான். நொடிக்கு 2,300 கோடுகளுக்கு மேல். ஒரே கதிரும் ஆறு முகக் கண்ணாடியும் என்றால், அது நிமிடத்துக்கு 23,000 தடவைக்கு மேல் சுற்ற வேண்டும். பிரிண்ட் கொடுத்ததும் ‘ய்ங்ங்’ என்று மெல்ல ஏறுகிற ஒரு சத்தம் கேட்கிறதே, அதில் இந்தக் கண்ணாடி மோட்டாருக்கும் பங்கு உண்டு.

பாதிப் பக்கத்தில் நின்று யோசிக்க முடியாத இயந்திரம் இது. இங்க்ஜெட் ஒரு வரி அடித்துவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருக்கும். லேசரில் டிரம் உருள ஆரம்பித்துவிட்டால் பக்கம் முடியும்வரை உருள வேண்டும். ஏ4 தாளில் 600 டிபிஐயில் சுமார் 3.5 கோடி புள்ளிகள். அவை தடங்கலில்லாமல் வந்துகொண்டே இருக்கத்தான் லேசர் பிரிண்டருக்கு நினைவகம் அதிகம் தேவைப்படுகிறது.

டிரம்மின் அளவு தாளைவிடச் சின்னதாக இருக்கிறதே?

ஆமாம். சிறிய பிரிண்டர்களில் டிரம்மின் விட்டம் 24 அல்லது 30 மில்லிமீட்டர்தான். 24 மில்லிமீட்டர் டிரம் ஒரு சுற்றுக்கு 75 மில்லிமீட்டர் நீளம் உருளும். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். ஆக, ஒரு பக்கத்துக்குள் டிரம் ஏறக்குறைய நான்கு சுற்று வரும். பக்கத்தின் அடிப்பகுதியை லேசர் எழுதும்போது மேல்பகுதி டோனரோடு தாளுக்கு மாறி, டிரம்மின் அந்த இடம் துடைக்கப்பட்டு, மறுபடி மின்னூட்டம் ஏற்றப்பட்டு அடுத்த வரிகளுக்கு வந்திருக்கும்.

டோனர் என்பது உலர்ந்த மையா?

மை என்பதைவிடப் பிளாஸ்டிக் தூள் என்று சொல்வது பொருத்தம். பெரும்பகுதி பிளாஸ்டிக், அதில் நிறத்துக்குக் கார்பன் கரி, உருகும்போது ரோலரில் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் மெழுகு, மின்னூட்டத்தைக் கட்டுப்படுத்தும் சில பொருள்கள். ஒவ்வொரு துகளின் மேலும் அதைவிட நுண்ணிய சிலிக்கா தூவப்பட்டிருக்கும். அதனால்தான் டோனர் கட்டி தட்டாமல் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. துகளின் அளவு பெரும்பாலும் 5 முதல் 10 மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தத் தூளுக்கு மின்னூட்டம் வருவது உரசலால். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டைத் தூக்குவோமே, அதே சங்கதிதான். டெவலப்பர் ரோலரின் மேல் டாக்டர் பிளேடு என்ற தகடு அழுத்திக்கொண்டிருக்கும். அது தூளை மெல்லிய படலமாக வழித்துவிடுகிறது. அந்த உரசலிலேயே துகள்கள் எதிர் மின்னூட்டம் பெறுகின்றன. பல கறுப்பு டோனர்களில் இரும்பு ஆக்சைடும் கலந்திருக்கும். ரோலருக்குள் இருக்கும் காந்தம் அதைப் பிடித்து வைக்கிறது. மேக்னடிக் ரோலர் என்ற பெயருக்குக் காரணம் அதுதான்.

ஒரு பிரிண்டரின் டோனரை இன்னொன்றில் நிரப்பினால் சாம்பல் நிறப் பின்னணி வருவதற்கும் இதுதான் காரணம். பார்க்க இரண்டும் கறுப்புத் தூள்தான், ஆனால் உரசினால் பெறும் மின்னூட்டமும் உருகும் சூடும் வேறு வேறு. ‘எல்லா மாடலுக்கும் ஒரே டோனர்’ என்று விற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

டிரம்மிலிருந்து தாளுக்கு எப்படி மாறுகிறது?

தாளுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் ரோலர் இருக்கிறது. அதற்கு நேர் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். எதிர் மின்னூட்டம் கொண்ட டோனர் டிரம்மை விட்டுத் தாளின் பக்கம் இழுபடுகிறது. ஆனால் முழுக்க வராது, கொஞ்சம் டிரம்மிலேயே தங்கிவிடும். அதை வைப்பர் பிளேடு வழித்து வேஸ்ட் டோனர் அறைக்குள் தள்ளும்.

ஈரம் ஏறிய தாள் இங்கேதான் வேலையைக் கெடுக்கும். ஈரத் தாளில் மின்னூட்டம் நிற்காமல் கசிந்துவிடுவதால் எழுத்து திட்டுத்திட்டாக வெளுத்து வரும். மழைக்காலத்தில் பிரிண்ட் மங்கினால், கார்ட்ரிட்ஜ் வாங்க ஓடுவதற்கு முன் புதுக் கட்டைப் பிரித்து ஒரு தாள் போட்டுப் பாருங்கள்.

பாதி வழியில் தாளை எடுத்தால் எழுத்து அழிந்துபோகிறதே, ஏன்?

அந்தத் தாள் இன்னும் ஃப்யூசருக்குள், அதாவது தூளை உருக்கிப் பதிக்கும் பகுதிக்குள், போகவில்லை. ஒரு தடவை செய்து பாருங்கள்: பிரிண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் மூடியைத் திறந்து தாளை மெதுவாக வெளியே எடுங்கள். எழுத்தெல்லாம் கச்சிதமாக இருக்கும். ஒரு சொல்லின் மேல் விரலை இழுங்கள். சொல் போய்விடும், விரலில் கரி இருக்கும். தாளைக் கவிழ்த்துத் தட்டினால் சில எழுத்துகள் உதிரவும் செய்யும். அதுவரை எழுத்துகளைத் தாளில் பிடித்து வைத்திருந்தது மின்னூட்டம் மட்டும்தான்.

ஃப்யூசர் அந்தத் தூளைச் சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் உருக்கி, பிரஷர் ரோலரால் தாளின் நார்களுக்குள் அழுத்துகிறது. நகத்தால் சுரண்டினால் எழுத்து உதிர்கிறது என்றால் ஃப்யூசர் போதிய சூடு தரவில்லை என்று அர்த்தம். அல்லது தாள் ரொம்பத் தடிமனாக இருந்து, செட்டிங்கில் சாதாரணத் தாள் என்று இருக்கும். புது அச்சில் ஆவி பறப்பதைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். அது தாளிலிருந்த ஈரம்.

இங்க்ஜெட்டுக்கான பிளாஸ்டிக் ஷீட்டை மட்டும் இதில் விட்டுவிடாதீர்கள். ஃப்யூசரில் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய ஒன்றைத் துண்டு துண்டாகப் பிய்த்தெடுக்க எனக்கு ஒரு மதியம் முழுக்கப் போனது; கடைசியில் ஃப்யூசரையே மாற்ற வேண்டியதாயிற்று.

முழுக் கறுப்பாக ஒரு பக்கம் வருகிறது. லேசர் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. மேலே சொன்ன மேடு பள்ளத்தை மறுபடி நினையுங்கள். பிசிஆர் மின்னூட்டம் ஏற்றவில்லை என்றால் டிரம் முழுவதும் பள்ளம். டோனர் எல்லா இடத்திலும் போய் ஒட்டும். கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டில் இருக்கும் உலோகத் தொடுமுனைகள் அழுக்காக இருந்தாலும் இப்படி ஆகும்.

வெறும் வெள்ளைத் தாள் வந்தால்தான் லேசர் பக்கம் சந்தேகம் போக வேண்டும். அதற்கு முன், புதுக் கார்ட்ரிட்ஜின் சீல் டேப்பை இழுத்து எடுத்தோமா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இந்த ஒரு காரணத்துக்காக என்னை அழைத்தவர்கள் நிறைய.

ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப ஒரு புள்ளி விழுகிறது?

ஸ்கேலை எடுத்துப் புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். ஏதோ ஓர் உருளையில் காயம் இருக்கிறது. அது ஒரு சுற்று வரும்போதெல்லாம் தாளில் முத்திரை குத்துகிறது. 75 மில்லிமீட்டர் என்றால் 24 மில்லிமீட்டர் டிரம். 94 என்றால் 30 மில்லிமீட்டர் டிரம். அதைவிடக் குறைந்த இடைவெளி என்றால் பிசிஆர், டெவலப்பர் ரோலர் போன்ற சின்ன உருளைகளைப் பார்க்க வேண்டும். எந்த உருளைக்கு எவ்வளவு தூரம் என்ற பட்டியல் பல மாடல்களின் சர்வீஸ் கையேட்டிலேயே இருக்கும்.

தாளின் நீளவாக்கில் வெள்ளைக் கோடு என்றால் டோனர் தீர்ந்து வருகிறது, இல்லையென்றால் லேசர் வரும் வழியில் தூசி. மெல்லிய கறுப்புக் கோடு என்றால் டிரம்மில் கீறல், அல்லது வைப்பர் பிளேடு ஓரிடத்தில் தேய்ந்திருக்கும்.

சாம்பல் நிறத்தை எப்படி அடிக்கிறது?

டோனரை வெளிறச் செய்ய முடியாது. கறுப்புப் புள்ளிகளை இடம் விட்டு வைத்து நம் கண்ணை ஏமாற்றுகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் தெரிந்துவிடும்.

கலர் பிரிண்டரில்?

இதே வேலை நான்கு தடவை: சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. இப்போதைய பல இயந்திரங்களில் நான்கு டிரம்கள் வரிசையாக நின்று ஒரு பெல்ட்டின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாகப் படத்தை வைக்கின்றன. பிறகு மொத்தமும் தாளுக்கு மாறுகிறது. ஒரு நிறம் இம்மி விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிழல் தட்டும். பிரிண்டர் அவ்வப்போது தானாகவே ‘காலிபரேஷன்’ செய்துகொள்வது இதைச் சரிபார்க்கத்தான்.

ஜெராக்ஸ் மெஷினும் இதுவும் ஒன்றா?

ஒரே வம்சம். செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர், நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு வாடகை அறையில், உதவியாளர் ஓட்டோ கோர்னேயோடு 1938 அக்டோபர் 22 அன்று இதைச் செய்து காட்டினார். துத்தநாகத் தகட்டின் மேல் கந்தகம் பூசி, இருட்டில் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினார்கள். கண்ணாடித் துண்டில் ‘10.-22.-38 அஸ்டோரியா’ என்று மையால் எழுதி, அதைத் தகட்டின் மேல் வைத்து விளக்கு வெளிச்சத்தைக் காட்டினார்கள். லைகோபோடியம் என்ற தாவரத்தின் வித்துத் தூளைத் தூவி ஊதியதும் எழுத்து நின்றது. மெழுகுத் தாளை அழுத்திச் சூடு காட்டியதும் தாளில் பதிந்துவிட்டது. மின்னூட்டம், வெளிச்சம், தூள், சூடு என இன்றைய பிரிண்டரின் படிகள் அத்தனையும் அந்த அறையிலேயே இருந்தன.

இருந்தும் 20க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதை வேண்டாம் என்றன. பிற்பாடு ஹாலாய்டு என்ற சின்ன நிறுவனம் எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் ஆனது. 1959இல் ‘914’ நகல் இயந்திரம் வந்தது. அங்கே வேலை பார்த்த கேரி ஸ்டார்க்வெதர், மூலப் படத்தின் வெளிச்சத்துக்குப் பதில் லேசரால் டிரம்மில் எழுதலாம் என்று யோசித்தார். 1977இல் ஜெராக்ஸ் 9700, 1984இல் மேசை மேல் வைக்கிற எச்பி லேசர்ஜெட்.

ஒரு வித்தியாசம் உண்டு. பழைய நகல் இயந்திரத்தில் மூலத் தாளின் வெள்ளைப் பகுதியிலிருந்து வந்த வெளிச்சம் டிரம்மில் மின்னூட்டத்தை அழித்தது. அழியாத இடத்தில் தூள் ஒட்டியது. லேசர் பிரிண்டரில் இது தலைகீழ். பக்கத்தில் எழுத்தின் பரப்பு குறைவு, வெற்றிடம்தான் அதிகம். எழுத்தை மட்டும் லேசரால் தொட்டால் போதும் என்பது சிக்கனமான யோசனை.

டிரம்மை வெளிச்சத்தில் வைக்கக் கூடாது என்கிறார்களே?

உண்மைதான். சில நொடி அறை வெளிச்சத்தால் ஒன்றும் ஆகாது. வெயிலிலோ விளக்கடியிலோ நெடுநேரம் கிடந்தால் பூச்சு சோர்ந்துபோய் மின்னூட்டத்தைச் சரியாகப் பிடிக்காது. உள்ளே சிக்கிய தாளை எடுக்கும்போது கார்ட்ரிட்ஜை ஒரு துணியால் மூடி வையுங்கள். டிரம்மை விரலால் தொட வேண்டாம்.

டோனர் சட்டையில் கொட்டிவிட்டது. என்ன செய்வது?

தேய்க்காமல் முதலில் உதறுங்கள். பிறகு குளிர்ந்த தண்ணீர் மட்டும். வெந்நீர் பட்டால் பிளாஸ்டிக் இளகித் துணியில் பதிந்துவிடும், அப்புறம் சட்டைக்கு நீங்களே ஃப்யூசர் வைத்த மாதிரி. தரையில் கொட்டியதை வீட்டு வேக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள். இவ்வளவு நுண்ணிய தூள் அதன் வடிகட்டியைத் தாண்டி அறைக்குள்ளேயே பறக்கும். ஈரத் துணியால் ஒற்றி எடுப்பது நல்லது.

யுபிஎஸ்ஸில் மாட்டலாமா?

கம்ப்யூட்டருக்கான சின்ன யுபிஎஸ்ஸில் வேண்டாம். ஃப்யூசர் சூடேறும் கணத்தில் நூற்றுக்கணக்கான வாட்டை ஒரே மூச்சில் இழுக்கும். பிரிண்ட் கொடுத்ததும் அறை விளக்கு ஒரு நொடி மங்குவது அதனால்தான்.

பிளாஸ்டிக் கவரில் வைத்த சான்றிதழின் எழுத்து கவரோடு வந்துவிட்டது. மோசமான டோனரா?

டோனர் மேல் தப்பில்லை. பிவிசி கவர்களை வளைந்துகொடுக்க வைக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து, டோனரின் பிளாஸ்டிக்கை இளக்கிவிடுகிறது. மேலே பாரம் இருந்தால் இன்னும் சீக்கிரம் ஒட்டும். பாலிப்ரொப்பிலீன் கவர் என்று கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே ஒட்டிப்போயிருந்தால் வெடுக்கென்று பிய்க்காதீர்கள். முதலில் கவருக்கு வெளியிலிருந்தே ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் ஓரத்திலிருந்து மெதுவாகப் பிரியுங்கள்.